தொலைக்காட்சியில் தெரியாத இரண்டாவது ஆசிரியர்

இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் நான் படிப்பித்த பாடசாலையொன்றில், ஒரு தவணை முடிவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரத்துக்குள் இரண்டு கோரிக்கைகள் வந்தன. வயல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்த ஒரு தகப்பன், மகனின் தோளில் கையை வைத்துக்கொண்டு, "கண்ண மட்டும் விட்டுட்டு அடிங்க சேர், நான் ஒண்டும் கேக்க மாட்டன்" என்றார். அவருக்குப் பின் எழுந்தவர் கட்டாரில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டு, "இந்த வெள்ளைக்காரச் சேரப் பாருங்க, சத்தமும் இல்ல, தடியும் இல்ல, எங்கட ஆக்களால ஏன் இப்பிடி ஏலாது?" என்று கேட்டார். அதிபர் இருவருக்கும் ஒரே மாதிரித் தலையசைத்தார்.

இரண்டு கோரிக்கைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான். வகுப்பறை என்பது ஓர் ஆசிரியரின் தனிச் சமாச்சாரம். அவருடைய கை பலமாக இருந்தால் பிள்ளைகள் அடங்குவார்கள், அல்லது அவருடைய மனம் பெரிதாக இருந்தால் அடங்குவார்கள் என்பது அந்த எண்ணம். தொலைக்காட்சியும் இதைத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்தக் காணொளி எங்கிருந்து வந்தது, அதில் எது காட்டப்பட்டது, எது காட்டப்படவில்லை என்று பார்த்தால், அந்தத் தகப்பன் கேட்டதற்கும் மற்றவர் கேட்டதற்கும் வேறொரு விடை கிடைக்கும்.

அவர் காட்டியது, பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2013 இல் ஒளிபரப்பிய 'எஜுகேட்டிங் யோர்க்ஷயர்' என்ற ஆவணத் தொடரின் ஒரு பகுதி. இதற்கு முன்னோடியான 'எஜுகேட்டிங் எசெக்ஸ்' 2011 இல் வந்தது. எசெக்ஸ் தொடர் ஹார்லோ நகரத்துப் பாடசாலையொன்றிலும், யோர்க்ஷயர் தொடர் டியூஸ்பரி நகரத்துப் பாடசாலையொன்றிலும் படமாக்கப்பட்டன. இரண்டிலும் ஒரே முறைதான். படப்பிடிப்பாளர் எவரும் வகுப்புக்குள் நிற்பதில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட கமராக்கள் சுவர்களிலும் கூரைகளிலும் பொருத்தப்பட்டு, தொலைவிலிருந்தே இயக்கப்பட்டன. ஆசிரியர்களும் சில மாணவர்களும் சட்டையில் ஒலிவாங்கியைக் குத்திக்கொண்டு நடமாடினார்கள். வாரக்கணக்கில் அப்படிச் சேர்ந்த பதிவுகளிலிருந்து சில மணி நேரம் மட்டுமே வெளியே வந்தது. யோர்க்ஷயர் தொடர் மொத்தம் எட்டுப் பாகங்கள்.

நம் ஊர்க் கைப்பேசிகள் வரை வந்து சேர்ந்த அந்தக் காட்சியில் இருப்பவர்கள் ஓர் ஆங்கில ஆசிரியரும், கடுமையாகத் திக்கிப் பேசும் ஒரு மாணவரும். வாய்மொழிப் பரீட்சைக்கான பயிற்சியில் அந்த மாணவருக்கு ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஆசிரியர், தான் ஒரு திரைப்படத்தில் கண்ட உத்தியைச் சோதித்துப் பார்க்கலாம் என்று, காதில் ஒலிப்பானை மாட்டிப் பாட்டைக் கேட்டுக்கொண்டே வாசிக்கச் சொல்கிறார். சொற்கள் வருகின்றன. பிறகு அதே மாணவர் தன் வகுப்பினர் எல்லோருக்கும் முன்னால் நின்று விடைபெறும் உரையை ஆற்றுகிறார். மண்டபத்தில் பிள்ளைகள் அழுகிறார்கள், ஆசிரியர்களும் அழுகிறார்கள். நானும் முதல் தடவை பார்த்தபோது கண்ணைத் துடைத்தேன், அதை மறைப்பதற்கில்லை. மாத்தியூ பேர்ட்டன் என்ற அந்த ஆசிரியர் பின்னர் அதே பாடசாலையின் அதிபரானார். 2025 இல் அதே பாடசாலையைப் பற்றிய தொடர் மீண்டும் ஒளிபரப்பானபோது அதிபராக இருந்தவர் அவரே.

ஆனால் இரண்டாம் தடவை பார்த்தபோது என் கண் போனது ஆசிரியரின் முகத்துக்கு அல்ல. அந்த அறையில் வேறு பிள்ளைகள் இல்லை. ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், ஒரு மேசை, அவசரமில்லாத சில நிமிடங்கள். அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு வேறு யாரோ பொறுப்பாக இருந்தார்கள். அந்த 'வேறு யாரோ' காட்சியில் இல்லை, இருக்கத் தேவையும் இல்லை. கதைக்கு அவர் வேண்டாதவர். வகுப்பை நடத்துகிற எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி அவரைப் பற்றியதுதான்.

தொலைக்காட்சிக்கு இரண்டு விதமான காட்சிகள் தேவைப்படுகின்றன: ஒன்று உடைவு, மற்றது இணைவு. கதிரை பறக்க வேண்டும், கதவு அடித்துச் சாத்தப்பட வேண்டும், பிறகு எவரோ எவரையோ அணைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஏமாற்று எதுவுமில்லை; நாற்பது நிமிடத்தில் கதை சொல்பவர் எவரும் செய்வது இதுதான். மறுபக்கத்தில், 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அடோலசன்ஸ்' என்ற நான்கு பாகத் தொடரின் இரண்டாம் பாகம் ஓர் இடைநிலைப் பாடசாலைக்குள் நடக்கிறது. இடைவெட்டே இல்லாத ஒற்றைப் படப்பிடிப்பாக அந்தப் பாகம் எடுக்கப்பட்டதால், துப்பறிய வந்த பொலிஸாரின் பின்னால் கமரா அறைக்கு அறை போகிறது; போகும் இடமெல்லாம் கட்டுக்கடங்காத பிள்ளைகள், கத்திக் களைத்த ஆசிரியர்கள். முதல் தொடரில் பாடசாலை ஒரு கோயில். இரண்டாவதில் ஒரு சந்தை. நமக்குப் பழக்கமான தமிழ்த் தொடர்களையும் படங்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அவற்றில் ஆசிரியர் ஒன்றில் கோமாளி, அல்லது இடமாற்றம் பெற்று வந்திறங்கி ஒரே தவணையில் ஊரையே திருத்துகிற நாயகன்.

இந்தப் படங்கள் எதிலும் வராத ஒன்றை 1989 இலேயே இங்கிலாந்தில் ஓர் அறிக்கை எழுதிவைத்திருக்கிறது. எல்டன் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு பாடசாலை ஒழுக்கம் பற்றி ஆராய்ந்து 138 பரிந்துரைகளைக் கொடுத்தது. ஆசிரியர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற பத்திரிகைப் பரபரப்புதான் அந்தக் குழு அமையக் காரணம். ஆனால் ஆசிரியர்களிடம் கேட்டபோது கிடைத்த விடை வேறு. தாக்குதல் அரிது, தங்களைத் தேய்த்துத் தீர்ப்பது சின்னச் சின்னக் குழப்படிகள் நாள் முழுவதும் ஓயாமல் வருவதுதான் என்றார்கள். முறை தவறிப் பேசுவது, மற்றப் பிள்ளையின் வேலையைக் கெடுப்பது, தேவையில்லாமல் எழுந்து நடப்பது போன்றவையே பட்டியலின் உச்சியில் இருந்தன.

வாழைச்சேனையிலோ வெல்லாவெளியிலோ திருக்கோவிலிலோ படிப்பிக்கும் எவருக்கும் இது புதிய செய்தியல்ல. நம்மிடம் அதற்கு 'குழப்படி' என்ற அருமையான சொல்லே இருக்கிறது. குழப்படிக்காரன் என்று ஒரு பிள்ளையைச் சொல்லும்போது அதில் கோபத்துடன் சிறிது செல்லமும் கலந்திருக்கும்; குற்றவாளி என்ற பொருள் அதில் இல்லை. ஏழாம் பாடவேளையை நினைத்துப் பாருங்கள். நேரம் 12.10. வாவிக் காற்று விழுந்துவிட்டது, தகரக் கூரை கொதிக்கிறது, காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளுக்குப் பசி திரும்பிவிட்டது. தரம் 9 இல் கணித பாடம். பின் வரிசையில் ஒரு பையன் பேனையின் மூடியால் மேசையின் விளிம்பில் தட்டுகிறான்: இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு. ஆசிரியை திரும்பினால் கை நின்றுவிடும். கரும்பலகைக்குத் திரும்பினால் மறுபடி தொடங்கும். நான்காவது தடவை முன் வரிசையில் ஒரு பிள்ளை சிரிக்கும். ஆறாவது தடவை இன்னொரு மேசையிலிருந்து பதில் தட்டு வரும். இதில் எந்த இடத்தில் 'சம்பவம்' நடந்தது? அதிபரின் பதிவேட்டில் இதை எழுத முடியாது, எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் நாற்பது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் போய்விட்டது, ஆசிரியையின் குரல் போய்விட்டது, அடுத்த நாளும் அதே வகுப்புக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு இரவே வந்துவிடுகிறது.

பிரம்பு பழைய காலத்தில் செய்த வேலை இந்த இடத்தில்தான். பெரிய குற்றத்துக்கு அது என்றுமே மருந்தாக இருந்ததில்லை. பேனைத் தட்டை நிறுத்தும் குறுக்குவழியாக மட்டுமே இருந்தது. 'அடியாத மாடு படியாது' என்று நாம் சொல்லிவந்தது மாட்டைப் பற்றியே சரிதானா என்று நம் ஊர் மாட்டுக்காரர்களிடம் கேட்டுப்பார்க்கலாம். அதிகம் அடிபட்ட மாடு பட்டிக்குத் திரும்பாது என்பார்கள்.

பிரம்பு எப்படிப் போனது என்பதிலும் இரண்டு நாடுகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் அரச பாடசாலைகளில் உடல் தண்டனையை நிறுத்தும் சட்டம் 1986 இல் நிறைவேறி 1987 இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே, ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த 1939 ஆம் ஆண்டின் சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டம், பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையைத் தொடாமல் விட்டுவைத்தது. மாற்றம் சுற்றறிக்கை வழியாக வந்தது: கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கையும், அதன் பின் வந்த 12/2016 இலக்கச் சுற்றறிக்கையும் பாடசாலையில் உடல் தண்டனையைத் தடைசெய்தன. அதற்கு உண்மையான பல்லைக் கொடுத்தது 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. தென்னிலங்கைப் பாடசாலையொன்றில் ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் ஒரு மாணவரின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டிருந்தது. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய அந்தத் தீர்ப்பு, சித்திரவதையையும் இழிவாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை காக்கும் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று கண்டு, ஆசிரியர் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது.

தீர்ப்பு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் இளம் ஆசிரியராக இருந்த காலத்தில் பிரம்பு பிடித்தவன். அதில் பெருமைப்பட எதுவுமில்லை. ஆனால் அந்தத் தொகைகளைக் கவனியுங்கள். அரசின் பங்கு ஆசிரியரின் பங்கைவிட மூன்று மடங்குக்கும் மேல். வகுப்பறையில் கை ஓங்கியவர் ஒருவர். ஆனாலும் பொறுப்பு அவரோடு முடிந்துவிடவில்லை என்பதை அந்த இலக்கங்களில் நான் வாசிக்கிறேன். நம் ஆசிரியர் அறைகளில் அந்தத் தீர்ப்பு பேசப்பட்ட விதமோ வேறு: "இனி கையக் கட்டிக்கிட்டு இருப்பம்" என்ற ஒற்றை வரி. தடியைக் கீழே வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். அதன் இடத்தில் எதை எடுப்பது என்பதை எந்தக் கடிதமும் கையில் தரவில்லை.

இங்கிலாந்தில் அந்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதுதான் அந்தத் தொடர்களின் ஓரங்களில் தெரியும் செய்தி. கதை நடக்கும்போது கதவோரம் யார் போகிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றாடம் முகம் பார்க்கும் பொறுப்பாசிரியர் ஒருவர். ஒவ்வொரு தரத்துக்கும் பாடம் குறைத்துக் கொடுக்கப்பட்ட தலைவர் ஒருவர். கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கான விசேட கல்வித் தேவை இணைப்பாளர் ஒருவர், இவர் ஒவ்வொரு பொதுப் பாடசாலையிலும் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வகுப்பில் ஒரு பிள்ளை அடங்காவிட்டால் ஆசிரியர் செய்தி அனுப்ப, அந்தப் பாடவேளைக்கென்றே பொறுப்பாக நிற்கும் மூத்த ஆசிரியர் வந்து பிள்ளையை வெளியே கூட்டிப் போவார். பாடம் தொடரும். 2006 இல் வந்த கல்வி, பரிசோதனைச் சட்டம், பாடசாலையின் நடத்தை விதிகளை வகுக்கும் கடமையை அதிபர் மேல் வைத்திருக்கிறது. தண்டனை கொடுக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு உண்டு என்பதையும் எழுத்தில் சொல்லியிருக்கிறது. 2021 முதல், புதிதாக வரும் ஆசிரியருக்கு இரண்டாண்டு ஆரம்பப் பயிற்சிக் காலம்: முதலாண்டு வகுப்பு நேரத்தில் 10 வீதமும் இரண்டாமாண்டு 5 வீதமும் குறைத்துக் கொடுத்து, பக்கத்தில் நின்று வழிகாட்ட ஒரு மூத்தவரையும் நியமிக்கிறார்கள்.

இதைவிடவும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது எசெக்ஸ் தொடரின் ஒரு சம்பவம். மாணவி ஒருவர், பிரதி அதிபர் தன்னைத் தாக்கிவிட்டார் என்று முறையிடுகிறார். எவரும் கத்தவில்லை. முறைப்பாடு எழுத்தில் எடுக்கப்படுகிறது. பாடசாலையின் பாதுகாப்புக் கமராவின் பதிவைப் பார்க்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிகிறது. பிரதி அதிபர் மறுபடியும் அதே மாணவியுடன் பேச வேண்டியிருக்கிறது, பேசுகிறார். பிள்ளையின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கும் வழியும், ஆசிரியரின் பெயரைக் காக்கும் வழியும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. நம்மிடத்தில் இப்படியொரு முறைப்பாடு எழுந்தால் அது முதலில் போவது முகநூலுக்கு, பிறகு தகப்பனின் மோட்டார் சைக்கிளில் பாடசாலை வாசலுக்கு, கடைசியில்தான் அதிபரின் மேசைக்கு.

ஆசிரியருக்கு மனம் விட்டுப்போனால் பேச ஓர் இடமும் அங்கே இருக்கிறது. 1877 இல் ஆசிரியர்களின் நலநிதியாகத் தொடங்கிய ஓர் அமைப்பு, காலத்துக்குக் காலம் பெயர் மாறி, இப்போது 24 மணி நேரமும் இயங்கும் இலவசத் தொலைபேசிச் சேவையொன்றை நடத்துகிறது. அழைப்பவரின் பெயர் பாடசாலைக்குப் போவதில்லை.

இதனால் இங்கிலாந்து ஆசிரியருக்குச் சொர்க்கம் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். வகுப்பிலிருந்து எடுத்த பிள்ளையை நாள் முழுவதும் தனித்து உட்கார வைக்கும் அறைகள் அங்கே பெரும் சர்ச்சைக்கு உள்ளாகியிருக்கின்றன. பிரம்பை எடுத்துவிட்டுச் சுவரை வைத்தார்கள் என்று சொல்வோரும் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. இத்தனை ஏற்பாடும் இருந்தும் இளம் ஆசிரியர்கள் தொழிலை விட்டுப் போவது நிற்கவில்லை. கமராவே ஆசிரியரின் வாழ்க்கையைக் குலைத்த கதையும் அங்கே உண்டு. 2005 இல், பதில் ஆசிரியையாகப் பல பாடசாலைகளுக்குப் போன ஒருவர் வகுப்புகளின் குழப்பத்தை இரகசியக் கமராவில் பிடித்து, சனல் 5 இல் ஆவணப்படமாக வெளியிட்டார். நாடே அதிர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியர்களின் ஒழுங்குமுறைச் சபை, பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுத்தார் என்று அவரை ஓராண்டுக்குத் தொழிலிலிருந்து நிறுத்திவைத்தது. எசெக்ஸிலும் யோர்க்ஷயரிலும் கமரா உள்ளே போனது வெளிப்படையாக, சம்மதம் கேட்டு.

நம் பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் இருக்கும் கமராவுக்கு அப்படிச் சம்மதம் எதுவும் தேவைப்படுவதில்லை. கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி; ஆனாலும் அது வருகிறது. ஆசிரியர் பொறுமையிழந்த முப்பது வினாடி மட்டும் வெளியே போகிறது, அதற்கு முந்திய முப்பத்தைந்து நிமிடம் போவதில்லை. பிரித்தானியத் தொடரின் தொகுப்பாளர் செய்யும் வேலையைத்தான் தரம் 10 பையனும் செய்கிறான். வித்தியாசம், அவனுக்கு மேலே பொறுப்புச் சொல்லும் தயாரிப்பாளர் ஒருவர் இல்லை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. தாள்களில் எல்லாம் இருக்கிறது: வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், ஒழுக்காற்றுக் குழு, மாணவத் தலைவர்கள், வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர். பிள்ளைகளின் பாதுகாப்புக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத் தொலைபேசி இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆசிரிய ஆலோசகர் பார்க்க வருவது பாடத்தை: பாடக்குறிப்பு எழுதப்பட்டிருக்கிறதா, பாடத்திட்டம் எவ்வளவு முடிந்திருக்கிறது. பின் வரிசைப் பேனைத் தட்டு அவருடைய படிவத்தில் இல்லை. வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் என்று பெயர் குறிக்கப்பட்டவர் பெரும்பாலும் வேறொரு பாடத்தையும் முழு நேரசூசியுடன் சுமப்பவர். நான் இருந்த பாடசாலையில் அவருக்கென ஒதுக்கிய அறையில் விளையாட்டுப் போட்டிக்கான கொடிக்கம்புகள் அடுக்கப்பட்டிருந்தன. பிள்ளை அழுதுகொண்டு வந்தால் இருவரும் மாமரத்தடிக்குப் போவார்கள். மாமரத்தடி மோசமான இடமல்ல, ஆனால் முழுப் பாடசாலைக்கும் அது தெரியும்.

இந்த மண்ணில் இது புதிதாகத் தொடங்கவேண்டிய வேலையும் அல்ல. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போன பிறகு, கல்லடியிலிருந்து கல்முனை, திருக்கோவில் வரை உளவளத்துணைப் பயிற்சிகள் நடக்காத பாடசாலை குறைவு. நானும் போனேன். பிள்ளை கோபப்படுவது சில வேளைகளில் பயத்தின் மறுபெயர் என்று அங்கேதான் முதன்முதலில் எனக்கு எவரோ சொன்னார்கள். பிறகு திட்டங்கள் முடிந்தன, வாகனங்கள் போயின, பயிற்சிக் கோவைகள் அலுமாரிக்குள் போயின, பயிற்சி பெற்றவர்கள் ஓய்வு பெற்றார்கள். பிள்ளைகளின் காரணங்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்க அம்மம்மாவோடு வளரும் பிள்ளை, அறுவடைக் காலத்தில் தகப்பனோடு இரவு வயற்காவலுக்குப் போய்விட்டுக் காலையில் மேசையில் தூங்கும் பிள்ளை, நுண்கடன்காரர் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, வாசிக்கவே தெரியாமல் தரம் 9 வரை வந்துவிட்டதை மறைக்கக் குழப்படி செய்யும் பிள்ளை. கடைசியில் சொன்னவர்கள்தான் தொகையில் அதிகம் என்பது என் அனுபவம். யோர்க்ஷயர்ப் பையனுக்குச் சொல் வெளியே வராதது எல்லோருக்கும் கேட்டது. நம் பையனுக்கு எழுத்து உள்ளே போகாதது எவருக்கும் தெரியாமல் இருக்க அவன் பேனையைத் தட்டுகிறான்.

பேனை தட்டிய அந்த வகுப்பின் கணித ஆசிரியை கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனமாக வந்தவர். வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலிருந்து காலையில் குருமண்வெளித் துறைக்கு வந்து, 'பாதை'யில் ஸ்கூட்டியை ஏற்றி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து இன்னும் ஓடி வருவார். பாதை என்று நாங்கள் சொல்வது மிதவைப் படகை. வெளியூர்க்காரர் அதைத் தெரு என்று நினைத்துக் குழம்புவது வழக்கம். ஒரு நாள் மாலை அந்தப் பாதையில் திரும்பிப் போகும்போது, பெற்றோர் கூட்டத்தில் ஓடிய காணொளியைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தச் சேர் நல்லவர்தான் சேர். ஆனா அவர் அந்தப் பிள்ளையோட இருந்த நேரம் மத்தப் பிள்ளைகளோட ஆர் இருந்த?" என்று அவர் கேட்டார். நான் இரண்டாம் தடவை பார்த்த பிறகுதான் கேட்டுக்கொண்ட கேள்வியை அவர் முதல் தடவையிலேயே கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை ஏழாம் பாடவேளை எனக்கு ஓய்வு நேரமாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து, திருத்த வேண்டிய கொப்பிகளை எடுத்துக்கொண்டு போய் அந்த வகுப்பின் பின் வரிசையில், பையனுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்தேன். அவனை நான் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. முதல் வாரம் தட்டு இரண்டு தடவை கேட்டது. இரண்டாம் வாரம் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் ஆசிரியை கரும்பலகையை விட்டு இறங்கிவந்து அவன் பக்கத்தில் ஐந்து நிமிடம் குந்தியிருந்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்கள் கணக்கைச் செய்தார்கள். வினாவை அவனால் வாசிக்க முடியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இலக்கங்களை அவர் வாயால் சொன்னபோது விடையைச் சரியாகச் சொன்னான். நான்காம் வாரம் அவனே ஒரு கணக்கை எழுதிக் கொண்டுவந்து காட்டினான்.

ஐந்தாம் வாரம் இரண்டு ஆசிரியர்கள் விடுப்பில் இருந்தார்கள். நேரசூசியைப் பார்த்த பிரதி அதிபர், ஏழாம் பாடவேளையில் நான் சும்மா இருப்பதாகக் கண்டு, தரம் 7 க்கு எனக்கு ரிலீவ் போட்டார்.